இடது காலில் நைலான், வலது காலில் பின்னல்

செம்பூரில் எங்கள் பெண்கள் ஹாக்கி அணிக்குப் புது சாக்ஸ் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாட்டுங்காவில் கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். ஒன்று தடித்த பருத்திப் பின்னல், இன்னொன்று வழவழப்பான நைலான்.

"இப்ப எல்லாரும் நைலான்தான் வாங்கறாங்கம்மா" என்றார்.

நான் இரண்டிலும் ஒரு ஜோடி வாங்கினேன். மறுநாள் காலைப் பயிற்சிக்கு இடது காலில் நைலானும் வலது காலில் பின்னலும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் கேப்டன் தாராவிக்காரி, என்னைவிடச் சின்னவள். என் கால்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, இருட்டுல மாட்டிட்டு வந்துட்டியளா?"

மழையில் தரை சொதசொதவென்று கிடந்தது. அரை மணி நேரத்தில் பின்னல் சாக்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. ஆனால் முன்னங்கால் எலும்பில் அடிபடாமல் இருக்க உள்ளே வைத்திருந்த ஷின் கார்டு அசையவில்லை. நைலானுக்குள் இருந்த கார்டோ வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அடுத்த பந்து நேராக அந்தக் கால் எலும்பில் வந்து அடித்தது. கண்ணில் நீர் முட்ட, நொண்டியபடி வெளியே வந்தேன்.

கேப்டன் ஐஸ் ஒத்தடம் கொடுத்தபடி கேட்டாள்: "அப்ப எதக்கா எடுக்கப் போறோம்?"

"பின்னல்தான். கனம் பழகிடும்" என்றேன்.

அந்த மழைக்காலம் முழுக்க இடைவேளையில் சாக்ஸைப் பிழிந்து மாட்டிக்கொண்டு ஆடினோம். யாருடைய கார்டும் நகரவில்லை.