கைக்குத்தல் அரிசியும் என் வலது காலும்

என் வலது காலை வெட்டிவிட்டு மரக்கால் பொருத்தப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு மாதம் முழுக்க நம்பினேன். வயது நாற்பத்தைந்து, குமாஸ்தா உத்தியோகம், ஆபீஸில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்று பெயர். அப்படிப்பட்ட நான் நம்பினேன்.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் தீராத நாட்கள். ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சர்வகலாசாலை டாக்டர் ஒருவர் சாப்பாட்டுச் சோதனை நடத்தினார். மத்தியானம் கைக்குத்தல் அரிசிச் சோறு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, மோர். இதனால் உடம்பு தேறுகிறதா என்று பார்ப்பாராம். சாப்பாடு இலவசம் என்றதும் மந்தைவெளியிலிருந்து முதலில் ஓடியவன் நான்.

வாராவாரம் எடை பார்ப்பார். பிறகு வலது கெண்டைக்காலை நாடாவால் அளப்பார், அமுக்குவார், முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவார். "பேஷ்" என்பார். அடுத்த கொட்டகையில் யுத்தத்தில் கால் இழந்தவர்களுக்கு மரக்கால் செய்துகொண்டிருந்தார்கள். ஆணியில் ஒரு வலது கால் தொங்கியது. பக்கத்தில் நின்று பார்த்தேன். என் உயரத்துக்குக் கனகச்சிதம்.

கிடாவுக்குத் தழை போடுவது எதற்கென்று எனக்குத் தெரியாதா?

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ரெண்டு காலும் இருக்கறச்சேயே ரேஷன் கடைக்குப் போனதில்லை. ஒண்ணு போனா என்ன குறைஞ்சுடப் போறது?"

பயந்து சோதனையிலிருந்து நின்றுவிட்டான் என்று பெயர் வாங்க மனமில்லை. வேறு யுக்தி செய்தேன். நான் இளைத்துவிட்டால் அளவு மாறும், மரக்கால் பொருந்தாது!

பின் தாழ்வாரத்தில் ஒரு சிப்பாய் தினமும் உட்கார்ந்திருப்பான். பர்மாவில் வலது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தவன். அளவு கொடுத்துவிட்டு மரக்காலுக்காகக் காத்திருந்தான். குறிப்பிட்ட திங்கட்கிழமை நடந்து காட்டினால் தியாகராய நகரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் வாடியிருந்தவனிடம் தினமும் என் தட்டை நீட்டினேன்.

"இன்னா சார், உனக்குப் பசிக்கலியா?"

"வயிறு சரியில்லை."

"தெனமுமா? சரி, குடு."

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கொட்டகையில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், ஆணியில் தொங்கிய அதே கால் சிப்பாயின் காலில் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

"அளவெடுத்தப்போ கொத்தவரங்கா மாதிரி இருந்திச்சு, இப்போ சொரக்கா மாதிரி கீது! வீக்கம் நைனா இது. வடியாம நான் மாட்ட மாட்டேன்" என்றார் மரக்கால் மேஸ்திரி.

"திங்கக்கெழமை நடக்கணும் மேஸ்திரி."

"இன்னொரு திங்கக்கெழமை நட!"

சிப்பாய் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். சோற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நான் நழுவியிருப்பேன்.

டாக்டரை இழுத்து வந்து எல்லாவற்றையும் கொட்டினேன்: அது வீக்கமில்லை, என் முருங்கைக்கீரை என்றேன். கொட்டகையே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் தேறறா, நீர் மட்டும் ஏன் இளைக்கறீர்னு மண்டையை உடைச்சுண்டிருக்கேன் ஐயா! சத்துக் குறைஞ்சா கெண்டைக்கால்ல தெரியும், அதுக்குத்தான் அளந்தேன்."

மேஸ்திரி என் காலை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் காலுக்கு எவன் சார் மரத்த வீணாக்குவான்?"

டாக்டர் சிப்பாயின் காலை அமுக்கிப் பார்த்து, சதைதான் என்றார். என் பெயரைச் சோதனையிலிருந்து அடித்தார். மேஸ்திரி சனியும் ஞாயிறும் உட்கார்ந்து மரக்காலின் உட்புறத்தைக் குடைந்து அகலமாக்கினார். திங்கட்கிழமை சிப்பாய் அதைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினான். வேலை கிடைத்தது.