அவளுக்கு அடுத்த இடம்

"உனக்கு ரோஷம்னு ஒண்ணு இருக்காக்கா?" என்றுதான் தங்கை அன்றைக்கு ஆரம்பித்தாள். சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு அக்காவின் மாடி அறைக்கு ஏறி வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அக்கா அடுப்பில் பால் வைத்தாள். "டீ குடிக்கிறியா?"

"டீ கிடக்கட்டும். அவ பக்கத்துல போய் முட்டி போடுறே. அவ வாய் வச்ச பாத்திரத்துலயே வாய் வைக்கிறே. கோயில் மொத்தமும் பாக்குது!"

"கண்ணை மூடி ஜெபம் பண்ற நேரமாச்சே அது? எப்படிப் பாத்தாங்க?"

தங்கைக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "கம்பெனியில ஒரு தூசி இருந்தாலும் பாட்டிலையே ஒதுக்குறே. இங்க மட்டும் உன் கண்ணு எங்க போச்சு?"

"அது பாட்டில்டி."

"அப்போ அவளை மன்னிச்சுட்டே?"

பால் பொங்கி வந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "தெரியல. அவ முகத்தைப் பாத்தா இன்னும் வயிறு எரியுது. முட்டி மட்டும் மடங்குது."

டீயைத் தொடாமலே தங்கை படியிறங்கிவிட்டாள்.

அக்காவுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. கறுப்புப் பலகைக்கு முன்னால் விளக்கு எரியும். ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து, நிமிர்த்திப் பார்க்க வேண்டும். நூலிழை மிதந்தாலும் அது சிவப்புக் கூடைக்குப் போகும். அங்கே வாயைத் திறக்க நேரமில்லை. வீட்டிலோ பேச ஆளில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போய்ப் பல வருஷமாகிவிட்டது. பிறகு அந்த இன்னொருத்தியையும் விட்டுவிட்டு அவன் எங்கோ போய்த் தொலைந்தான். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டாள்.

அந்தக் கோயிலில் திருவிருந்தின்போது திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பீடத்துக்கு முன்னால் வரிசையாக முட்டி போடுவார்கள். போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குக் கொண்டுபோவார். அன்று அவள் முட்டி போட்டதும், பின்னால் வந்தவர்கள் நடையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குத் திடீரென்று இருமல். ஒருவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். பாட்டுக்குழுவில் உரக்கப் பாடும் 'ஸ்பீக்கர் அத்தை' பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். வரிசையில் அவளுக்கு அந்தப் பக்கம் வெறும் தரைதான் இருந்தது. அவள் குனிந்த தலையோடு எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்து போயிருந்தால் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டாள். நின்றவர்களுக்கும் அது தெரியும்; பலர் அதற்காகத்தான் நின்றார்கள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து போய் அந்த இடத்தில் முட்டி போட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு திருவிருந்திலும் அப்படியே. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பெண்கள் கூட்டத்துக்கு அக்காவைக் கூப்பிட எல்லாருக்கும் மறந்துபோனது. "ரெண்டும் கூட்டுக் களவாணிங்க" என்று ஸ்பீக்கர் அத்தை மைக் இல்லாமலே பரப்பினாள். அந்தச் சண்டைக்குப் பிறகு தங்கையும் அக்காவின் அறைக்குப் போகவில்லை, போனும் செய்யவில்லை.

ஒரு சாயங்காலம் தங்கையின் பஸ் சிக்னலில் நின்றது. மேலே அந்த அறையின் ஜன்னல் தெரிந்தது. அக்கா தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். எதிரே சுவர்தான் இருந்தது. தங்கைக்கு இறங்கிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் அவள் இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அக்காவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் போட்டுட்டாங்கடி. மாத்திக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க."

"சரி, அதுக்கு?"

"நாளைக்குத் திருவிருந்து." அக்கா நிறுத்தாமல் தொடர்ந்தாள். "நீ அவ பக்கத்துல முட்டி போடுறியா? பேச வேண்டாம், முகத்தைக்கூடப் பாக்க வேண்டாம். அவ குடிச்சதுக்கப்புறம் பாத்திரம் வாங்க ஆளில்லாம நிக்கக் கூடாது. நான் சொல்லித்தான் நீ வந்தேன்னு மட்டும் காட்டிக்காதே."