நான் முழுங்கிய ஒரு சிங்களச் சொல்

என் தம்பி இராமசாமியின் பெண்சாதி லோகநாயகி எங்கள் தோட்டத்தின் இதே லயத்து வரிசை வீடுகளில், எனக்கு நாலு காம்பரா தள்ளிக் குடியிருக்கிறாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவளுக்கு நான் செய்த காரியம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் அம்மாவின் அண்ணன் கருப்பண்ணன் மாமா இருந்தாரே, அவருடைய மூத்த மருமகளின் தங்கச்சி மகள். அந்த வழியில்தான் சம்பந்தம் வந்தது. கரவனெல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் புதுப்பெண்ணாக வந்த வாரமே என்னிடம் கேட்டாள்.

"என்னா அண்ணி, இங்க மனுசங்கள விட அட்டைதான் கூட இருக்கு போல?"

"அட்டை ரத்தத்த மட்டுந்தான்டி குடிக்கும். மனுசங்களுக்குப் பயந்துக்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் அப்படிச் சிரிக்கிற பெண்.

அவள் ஊரில் கடை, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் தமிழிலேயே நடக்கும். இங்கே எதற்கும் சிங்களம் வேண்டும். அவளுக்கு அரிசி கேட்கவும் பஸ்ஸை நிறுத்தவும் போதுமான சிங்களம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் இங்கேயே பிறந்ததால் சிங்களம் விளையாட்டிலேயே வந்துவிட்டது. லயத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "பெரியக்கா, கூட வந்து பேசிக் குடுங்க" என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கொரோனாக் காலத்தில் லோகநாயகியின் அம்மா இறந்தாள். பாதை பூட்டியிருந்தது. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியமும் அவள் இல்லாமலே நடந்தது. அதற்குப் பிறகுதான் தலைவலி. பிடரியில் தொடங்கி இடது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காருமாம். இராமசாமியின் பழைய கைலிச் சாரத்தைக் கிழித்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவாள். இரண்டு வருசம் பனடோல் மாத்திரையில் ஓட்டினாள். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் கொடுத்து டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். கூட நான் போனேன்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். நித்திரை வருகிறதா என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டு, பதிலைச் சிங்களத்தில் சொன்னேன். சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டாள். அதையும் கேட்டுச் சொன்னேன். காரணமில்லாமல் அழுகை வருகிறதா, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா என்று கேட்டாள். அதை நான் லோகநாயகியிடம் கேட்கவே இல்லை. "இல்லை மிஸ், தலை மட்டும்தான் வலி" என்று நானே சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் என்ன சொன்னதோ, லோகநாயகியின் கிளினிக் கொப்பியில் எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மே பெஹெத் ஒளுவட்டத் ஹொந்தய், ஹிதட்டத் ஹொந்தய்" என்றாள். இந்த மருந்து தலைக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது என்று அர்த்தம். தினம் இரவு ஒன்று, வலி இல்லாவிட்டாலும் போடவேண்டும், கேட்காமல் நிறுத்தக்கூடாது, முதல் வாரங்களில் வாய் காயும், தூக்கம் வரும், பயப்படவேண்டாம் என்றெல்லாம் விவரமாகச் சொன்னாள்.

மனது என்கிற அந்த ஹித என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வெள்ளையம்மா அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் தங்கச்சி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அத்தைக்கு மனது பேதலித்து அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றையிலிருந்து லயத்தில் எங்களுக்குப் பெயர் அங்கொடைக் குடும்பம். அத்தையின் தங்கச்சி இரண்டு பேருக்கும் பேசிய சம்பந்தம் திரும்பிப் போனது. சின்னவளை யாருக்கும் தெரியாத எம்பிலிப்பிட்டியவில் ஒரு தாரமிழந்தவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

இங்கேயோ லோகநாயகியின் மகள் கோபிகாவை மேல் டிவிஷன் தனுஷனுக்குக் கேட்டிருந்தார்கள். அந்த மாதமே பெண் பார்க்க வருவதாக இருந்தது.

மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் லோகநாயகி கேட்டாள்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களே அண்ணி, என்னா சொன்னாங்க?"

"தலைவலிக் குளிசைதான். வலிச்சா ஒண்ணு போடு. ரொம்ப வலிச்சா ரெண்டு போடு."

இவ்வளவுதான் நான் சொன்னது. ஹித என்ற சொல்லை முழுங்கினேன். தினமும் என்பதையும் முழுங்கினேன். தினமும் போடு என்றால் எதுக்கு என்று கேட்பாளே.

அவள் என் பேச்சை நம்பினாள். நாலு நாள் போடமாட்டாள். ஐந்தாம் நாள் வலி தாங்காமல் விடியற்காலையில் இரண்டு போட்டுக்கொண்டு மலைக்குப் பால் வெட்டப் போவாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குனிந்து பால் சிரட்டையை எடுத்து நிமிர்ந்தால் தலை சுற்றும். கத்தி மரத்துக்குள் ஆழமாக இறங்கிப் பட்டையைக் காயப்படுத்தியதற்குக் கங்காணி சத்தம் போட்டான். ஒருநாள் சரிவில் விழுந்து, பால் வாளி கவிழ்ந்து, முழங்கைத் தோல் உரிந்து வந்தாள்.

"தலைவலிக் குளிசையக்கூடத் தாங்க மாட்டேங்குதே அண்ணி இந்த ஒடம்பு" என்று தன்னையே நொந்துகொண்டாள். நான் அவள் முழங்கைக்கு மருந்து போட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று விருந்தாளிகள் முன்னால் முகம் சுளிக்கக்கூடாது என்று காலையிலேயே மூன்று போட்டிருக்கிறாள். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள், பேச்சு நடக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

தனுஷனின் அம்மா வாய்க்காரி. "என்னா சம்பந்தி, எங்க மூஞ்சியப் பார்த்தா தூக்கம் வருதோ? இன்னும் சீதனமே பேசலயே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். லோகநாயகி விழித்து, என்ன நடந்தது என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். கடைவாயில் எச்சில் காய்ந்திருந்தது. எந்தச் சபைக்காக நான் மறைத்தேனோ, அந்தச் சபையிலேயே அவளை அப்படி உட்கார வைத்துவிட்டேன். சம்பந்தம் என்னவோ கூடிவிட்டது.

குளிசை நாளுக்கு முந்தியே முடிந்துபோனது. டவுனில் நுஹ்மானின் மருந்துக் கடைக்குப் போனோம். அவர் கிளினிக் கொப்பியை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தங்கச்சி, இத எப்பிடிப் போடுறீங்க?"

"தலை வலிக்கிறப்ப, பாய். ரெண்டு, சில நேரம் மூணு."

"அல்லாவே! இது பனடோல் மாதிரி போடுற மருந்தில்ல. தலைக்கும் மனசுக்கும் சேத்துக் குடுக்கிறது. ராவைக்கு ஒண்டு, ஒவ்வொரு நாளும். இப்பிடிப் போடச் செல்லி ஆரு செல்லிக் குடுத்தது?"

லோகநாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"டாக்டர்தான் அப்படிச் சொன்னாங்க" என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற, ஒன்றும் அறியாத அந்தப் பெண்பிள்ளையின் தலையில் பழியைப் போட்டேன். நுஹ்மான், நீங்கள் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் லோகநாயகி சொன்னாள்: "மனசுக்குன்னு சொல்லாம ஏமாத்திக் குடுத்திருக்காளே. இனி அந்த டாக்டரு மூஞ்சியில முழிக்க மாட்டேன். மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மருந்தை நிறுத்திவிட்டாள். ஒரு வாரத்தில் தலைவலி முன்னைவிட மோசமாக வந்தது. வேர்த்துக்கொட்டியது, கை நடுங்கியது, கண் மூடவில்லை. வேலைக்கும் போகவில்லை. ஒரு காலை தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் போனேன். "அம்மாகிட்டயே போயிறலாமுன்னு இருக்கு அண்ணி" என்றாள், சந்தைக்குப் போகிறேன் என்கிற மாதிரி.

டாக்டர் கேட்டதும் இதைத்தானே. நான் இல்லை என்று சொன்னதும் இதைத்தானே.

அங்கேயே சொன்னேன். வெள்ளையம்மா அத்தையிலிருந்து கோபிகாவின் சம்பந்தம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் மாற்றினேன் என்றேன். குடம் வழிந்துகொண்டே இருந்தது.

"நான் பைத்தியமா அண்ணி?"

"இல்லடி லோகா. சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்கு மறைச்சீங்க?"

நான் வழிகிற குடத்தைப் பீலியடியிலிருந்து நகர்த்தி வைத்தேன்.

"கடையில வேற, டாக்டரு மேல போட்டீங்களே" என்றாள். "நான் அந்தப் பொண்ண எவ்வளவு திட்டினேன்! நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேரே இராமசாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைத் தனியாக விடாதே என்றேன். என் தம்பி அன்று வரைக்கும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. "நீ படிச்சது மூணாம் வகுப்பு. டாக்டருக்கு மேல ஒனக்கு என்னக்கா தெரியும்?" என்றான். கோபிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். லோகநாயகி என்னை வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. நான் பின்னாலேயே போனேன். டாக்டர் போன தடவை மாதிரியே என்னைப் பார்த்து என்ன விசயம் என்று கேட்டாள். நான் வாயெடுக்கும் முன் லோகநாயகி என் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள். பஸ்ஸில் வரும்போது உதட்டை அசைத்துக்கொண்டு எதையோ சொல்லிப் பார்த்தாள்; அது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மிஸ், ஒளுவத் ரிதெனவா. ஹிதத் ரிதெனவா."

தலையும் வலிக்கிறது, மனதும் வலிக்கிறது. டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸையும் கூப்பிட்டாள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

இப்போது இரவு ஒன்று போடுகிறாள். அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். வாய் இன்னும் காய்கிறது. இடுப்பில் தண்ணீர்ப் போத்தலைச் செருகிக்கொண்டு மலைக்குப் போகிறாள். மாதத்தில் நாலைந்து நாள் தலையில் சாரத்துண்டு ஏறுகிறது. மற்ற நாளில் இல்லை. தனுஷன் வீட்டுக்கு அவளே விசயத்தைச் சொல்லிவிட்டாள். கல்யாண நாள் மாறவில்லை.

என்னோடு பேசுகிறாள். கறி வைத்தால் கொடுத்தனுப்புகிறாள். கிளினிக் நாளில் மட்டும், என் காம்பராவைத் தாண்டிப் போகும்போது, கொப்பியை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். நானும் அந்த நேரம் வாசலுக்கு வருவதில்லை.