எனக்குச் சொல்லாதவை

என் கணவர் பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் லோடுமேன். ஒரு சீசனில் அவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. வலி மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். ஒரு வருடத்துக்குள் மாத்திரை போய் போதை ஊசி வந்தது. எனக்குத் தெரிந்தபோது முழங்கையின் உள்பக்கம் முழுக்கத் தழும்பு. கத்தினேன், சட்டைப்பையைத் துழாவினேன், கோயிலுக்கு இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் நிற்கவில்லை.

அப்போதுதான் எங்கள் பட்டாசுத் தொழிலாளர் சங்கம் தன் ஆபீசின் பின்னறையை ஊசி போடுகிறவர்களுக்கென்று ஒதுக்கியது. சனிக்கிழமை மதியம் ஒரு நர்ஸ் வருவார். நோய் தொற்றாமலிருக்கப் பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம். புண்ணுக்கு மருந்து போடுவார்கள். அறையைக் கவனித்தவர் சங்கத்துப் பெண் ஒருவர். என்னைப் போலவே விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை பார்த்தவர், என் வயதுதான்.

என் கணவர் அவரை அக்கா என்றோ தங்கச்சி என்றோ சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். ‘தோழர்’ என்றார். தோழர் இதைச் சொன்னாங்க, தோழர் அதைக் கேட்டாங்க என்று சோற்றுத்தட்டின் முன்னால் அதே பேச்சு. என்னிடம் நாலு வார்த்தை பேசாத மனிதர்.

ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மல்லாங்கிணற்றில் என் தங்கை கல்யாணத்தன்று அவர் மயங்கி விழுந்தது வெயிலால் இல்லையாம், ஊசியால். வந்தவர்களிடமெல்லாம் வெயில், வெயில் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அந்தப் பெண்ணுக்கு எனக்கு ஒரு மாதம் முன்பே தெரியும்.

மறு சனிக்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனேன். ஏன் நல்ல சேலை என்று இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் பழைய நைந்த சேலையில் உட்கார்ந்து பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஊசியைக் கையில குடுத்துட்டு நல்லது பண்றோம்னு சொல்றீகளா?” என்றேன்.

“அவரு அடுத்த வாரமும் உசுரோட வரணும்ல. வந்தாத்தான விடுறதப் பத்திப் பேச முடியும்.”

“எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் உங்ககிட்டச் சொல்றாரு.”

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். “எங்கிட்டச் சொன்னா அவருக்கு என்ன நட்டம்? உங்ககிட்டச் சொன்னா நீங்க விட்டுட்டுப் போயிருவீகளோன்னு பயப்படுறாரு.”

பதில் நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

கம்பெனியில் விஷயம் தெரிந்து என் கணவரை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் சங்கத்து ஆட்களும் மேனேஜர் அறையில் உட்கார்ந்து பேசி வேலையைக் காப்பாற்றினார்கள். காலையில் விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கிக்கொண்டு, தாமதமாக வேலைக்கு வரவும் அனுமதி வாங்கித் தந்தார்கள். ஊசி நின்றது. முகத்தில் சதை பிடித்தது. தெருவில் எல்லோரும் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தார்கள். நானும் கூடச் சேர்ந்து புகழ்ந்தேன், நெஞ்சு பொசுங்கப் பொசுங்க.

போன மாதம் ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏ புள்ள, நேத்து சாத்தூர்ல திரும்பவும் ஊசி எடுத்துட்டேன்.”

என் வாயில் முதலில் வந்த கேள்வி இதுதான்: “தோழர்கிட்டச் சொல்லிட்டீகளா?”

“இல்ல. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் மறுபடி விழுந்துவிட்டு வந்திருக்கிறார், எனக்குச் சந்தோஷம். அதை உணர்ந்ததும் உடம்பு கூசியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தவில்லை. சத்தியமும் கேட்கவில்லை. துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, “போன் போடுங்க, அவகளுக்கும் தெரியட்டும்” என்றேன்.

அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.