இரண்டு பெட்டிக் கனம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது நான்கு. நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்தால் ஐந்து. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. எனக்கு எழுத வருவது என் பெயர் மட்டும்தான், அதையும் எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதை இது. அவர் வாங்கியதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். பார்த்து வாங்கியதில் முக்கால் பங்கு நான்.

அப்போதெல்லாம் சினிமாப் படம் தகரப் பெட்டியில் வரும். ஒரே படச்சுருளை இரண்டு தியேட்டர்காரர்கள் சேர்ந்து எடுப்பார்கள். மயிலாப்பூரில் மேட்டினி முடிந்ததும் சுருள்களை இரண்டு பெட்டியில் அடைத்து, அடுத்த தியேட்டரில் ஆட்டம் தொடங்குவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுக்காரர் வேலை. இரண்டாவது தியேட்டர் பக்கத்திலேயே இருந்தவரை சைக்கிள் போதுமாக இருந்தது. பிறகு அடையாற்றைத் தாண்டி ஒரு தியேட்டரோடு பேசி முடித்துவிட்டார்கள். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள மோட்டார் வண்டி வச்சிக்கினா நீ இரு. இல்லாங்காட்டி வண்டி வச்சிக்கிறவன் வருவான்" என்று சொல்லிவிட்டார். பெட்டி பத்து நிமிஷம் பிந்தினால் தியேட்டரில் நாற்காலி பறக்கும். வண்டி நடுவழியில் ஒருமுறை நின்றாலும் வேலை போய்விடும். அப்போது வீட்டில் நாத்தனார் பிள்ளையோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் பிறக்கவில்லை. புது வண்டியெல்லாம் எங்களுக்கு நினைப்பிலும் இல்லை. பழைய வண்டியாக, ஆனால் நிற்காத வண்டியாகப் பார்த்தாக வேண்டும்.

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் வழி சொன்னார். "இஞ்சின் ஆறிக் கெடக்கும்போது உதை நைனா, அப்ப எழுந்திருக்கணும். இதுவரைக்கும் இன்னா இன்னா மாத்தினான்னு கேளு. அப்பால பொட்டி கனத்தை ஏத்திக்கினு பாலத்து மேட்டுல ஏறிப் பாரு."

பெட்டியைத் தியேட்டரிலிருந்து சோதனைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். "நீ வா மே, பின்னால குந்திக்க."

"நான் இன்னா பொட்டியாய்யா?"

"ஆத்துல வெள்ளம் வந்தப்ப உன்னைத் தூக்கிக்கினு வந்தேனே. ரெண்டு பொட்டியும் நீயும் ஒரே கனம். எனக்குத் தெரியாதா?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ரயில் பார்சலில் வந்த பெட்டிகள் என்பதால் கனம் மேலேயே எழுதியிருக்கும். இரண்டும் சேர்த்து ஐம்பத்துநாலு கிலோ. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை என்னை விறகுத்தொட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே விறகு நிறுத்து விற்கிற பெரிய தராசு தொங்கும். தொட்டிக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இன்னாபா, பொண்டாட்டிய எடைக்குப் போட வந்தியா? விறகுன்னா நானே எடுத்துப்பேன்." நான் தராசுத் தட்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்த் தட்டில் கல்லை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நாற்பத்தொன்று.

"உன் தராசு கோணலாக்கீது. இன்னொரு தபா போடு" என்றார் இவர். இன்னொரு முறையும் நாற்பத்தொன்றுதான். தொட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விறகைப் பார்க்கப் போய்விட்டார். வழியெல்லாம் இவர் திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். குறைகிற கனத்துக்கு மணல் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

முதல் வண்டி தி. நகரில். ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் தெற்கத்திக்காரர் ஒருவருடையது. கண்ணாடி மாதிரி துடைத்து, வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்தார். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார். எந்த மாதம் எண்ணெய் மாற்றியது, எப்போது பிரேக் பார்த்தது, எல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் மூன்றாவது வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் அந்த நோட்டைக் கண்டதும் மறந்துபோயிற்று. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆகையால் எனக்கு மறக்கவில்லை.

"ரெண்டு நாளா தொடவே இல்லைங்க. சாவியவே இப்பத்தான் எடுக்கேன்" என்றார் கணக்கர்.

நான் குனிந்து இஞ்சின்மேல் விரலை வைத்தேன். சுரீர் என்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் திரும்பி, "இன்னா மே?" என்றார்.

"சுடுதுய்யா."

"வெயில்ல நிக்குதுல்லாம்மா, அதான்" என்றார் கணக்கர்.

இவர் நோட்டை மூடினார். சீட்டைத் தடவிப் பார்த்தார். "வெயிலு சீட்டை வுட்டுட்டு இஞ்சினை மட்டும் சுடுமா சார்? பரவால்ல. டீ குடிச்சிட்டு வர்றோம்." இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போனோம். உதைத்தார், உதைத்தார், சட்டை நனையும்வரை உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. கணக்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இதை விட்டாப் போதும்னு ஆயிப்போச்சுங்க எனக்கு" என்றார். அவரும் பாவம்தான். உள்ளே போய் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது வண்டி சாந்தோமில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் வீட்டில் இருந்தது. வண்டி பார்க்க லட்சணமாக இல்லை. கடற்காற்றில் மட்கார்டெல்லாம் துரு. நோட்டு எதுவும் இருக்கிறதா என்று இவர் கேட்டதற்கு, மாஸ்டர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். தேய்ந்த தகடு, அறுந்த கம்பி, கரிபிடித்த பிளக், பல் போன சக்கரம். அந்த வண்டியிலிருந்து கழற்றிப்போட்ட சாமான்கள் அத்தனையும் அதில் இருந்தன.

"எதையும் தூக்கிப் போட மனசு வராதும்மா. இது போன மழையில போனது. இது நான் வுழுந்தப்ப வளைஞ்சது, இதுக்குப் பதிலாப் போட்டதுதான் இப்ப வண்டியில ஓடுது. ரெண்டாவது கியர்ல கொஞ்சம் முனகும், அதுக்கு நான் பொறுப்பில்ல. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அந்த டப்பாவை என்னால் படிக்க முடிந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை தேய்ந்தும் இந்த வண்டியை ஒருவர் கைவிடாமல் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. இஞ்சின் ஜில்லென்று இருந்தது. மூன்றாவது உதைக்கு எழுந்தது.

பாலத்துக்குப் போகும் வழியில் இவர் ஒரு கடையில் நிறுத்தி மூட்டையோடு வந்தார். மணல் இல்லை, அரிசி. பதிமூன்று கிலோ. "எதுக்குய்யா அரிசி? ஆத்தங்கரையில மணலா இல்ல?" என்றேன். "மணலைத் துன்ன முடியுமா? புட்ச்சிக்க" என்றார். ஒருபக்கமாக உட்கார்ந்து, மூட்டையை மடியில் கட்டிக்கொண்டேன். பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது. பக்கத்தில் பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. "நின்னுடுமாய்யா?" என்று அவர் முதுகில் கேட்டேன். "பேசாத, கனம் கொறஞ்சிடப் போவுது!" என்று கத்தினார். மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியபோது ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. நிற்கவில்லை. திரும்பி ஏறியபோதும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே வண்டி எங்கள் வாசலில் நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் உள்ளே எல்லோருக்கும் சோறு போட்டேன். அவர் சாப்பிடவில்லை. எழுந்து வந்து பானை மூடியைத் திறந்து பார்த்தார். அடியில் ஒரு கரண்டி சோறு, மீதி கஞ்சித் தண்ணீர்.

"தெனம் இதானா?"

நான் வேறு எங்கோ பார்த்தேன். பசிக்காது என்று பல வருஷமாகச் சொல்லி வந்தது, அன்றைக்கு வாயில் வரவில்லை.

அவர் அரிசி மூட்டையைத் தூக்கி என் அடுப்புப் பக்கம் வைத்தார். "இது பசங்களுக்கில்ல. எனக்கில்ல. ரெண்டு பொட்டி கனம் வர்ற வரைக்கும் உனக்கு." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் பேச அவருக்குத் தெரியாது. என் தட்டை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார். அன்றிலிருந்து கண்ணை மூடும்வரை என் தட்டு காலியாக இருக்கையில் அவர் ஒரு வாய் வைத்ததில்லை. வேலை நிலைத்தது. அந்த வண்டியில் பெட்டி ஒருநாளும் பிந்தவில்லை. விறகுத்தொட்டி வழியாகப் போகும்போதெல்லாம், "ஏறிக் குந்து, பாக்கலாம்" என்று தராசைக் காட்டுவார். நான் திட்டுவேன். ஒருமுறை ஏறியும் பார்த்தேன். ஐம்பத்தாறு. அவர் சிரித்ததை இந்தத் தெருவே கேட்டிருக்கும்.

போதும், எழுதியது போதும். பேனாவை வை கண்ணு. முதலிலிருந்து வேண்டாம், அவர் பானையைத் திறந்து பார்த்தாரே, அந்த இடத்திலிருந்து படி. மெதுவாகப் படி.