நிழல் மந்திரவாதிக்குப் பத்துப் புள்ளிகள்

போரில் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், நான் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளர் அட்டை எழுதும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா இருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பம். கன்னியர் மடத்தில் படித்ததால் நல்ல ஆங்கிலம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருத்துவருக்கு மொழிபெயர்ப்பது அவருடைய வேலை.

மருத்துவர் தவணை முடிந்து போகும்போது ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு துணிப்பையையும் அக்காவிடம் விட்டுச் சென்றார். பைக்குள் தாயக்கட்டைகள். ஆனால் நாங்கள் கண்டு பழகியவை அல்ல. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கண்ணாடி போல மின்னின.

“ஒராள் கதை சொல்லுவார். மற்ற ஆக்கள் ஒவ்வொரு பாத்திரமாய் அந்தக் கதைக்குள்ளை நிண்டு, தாங்கள் என்ன செய்யினம் எண்டு சொல்ல வேணும். அது சரிவருதோ இல்லையோ எண்டதைக் கட்டை தீர்மானிக்கும்,” என்றார் அக்கா. மருத்துவரோடு ஏழெட்டுத் தடவை விளையாடியிருந்தார்.

மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்ட அண்ணன். கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து பரந்தனுக்கு அருகே வயல் செய்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பூசை முடிந்து வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற பாலை மரத்தடியில் வாங்கைப் போட்டு உட்காருவோம்.

அண்ணன் இரண்டு நிமிடத்தில் வாள்வீரன் ஆகிவிட்டார். எனக்கு இரண்டு ஞாயிறு போனது.

மந்திரவாதி என்பது மட்டும் உடனே முடிவாயிற்று. எந்த மந்திரம் என்பதில்தான் சிக்கல். நெருப்பு, பனி, நிழல் என்று மூன்று இருந்தன. அக்கா ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொன்னார். நிழலை எடுத்தால் அதற்குள்ளும் மூன்று வழி. நிழலைக் கையாக நீட்டித் தூரத்துப் பொருளை எடுக்கலாம். நிழலிலிருந்து விலங்கை எழுப்பிச் சண்டைக்கு விடலாம். நிழலைப் போர்வையாக்கித் தன்னையும் பிறரையும் மறைக்கலாம். கையிலிருப்பது பத்துப் புள்ளி. எதில் எவ்வளவு வைப்பது என்பது நம் விருப்பம். பழைய அட்டை ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். விலங்குக்கு ஐந்து, கைக்கு மூன்று, போர்வைக்கு இரண்டு. வெட்டினேன். மறுபடி எழுதினேன். வேலை நேரத்திலும் அதே யோசனையாக இருந்து, ஒருவருடைய வயதை எழுத வேண்டிய இடத்தில் நிழல்விலங்கின் பலத்தை எழுதிவிட்டேன்.

“நெருப்ப எடுங்க தங்கச்சி,” என்றார் அண்ணன். “நம்மள்ல இன்னொரு ஆளாவது அடிக்கணும்.”

“வேண்டாம் அண்ணை. நான் நிழல்தான்.”

கடைசியில் பத்தையும் போர்வையிலேயே வைத்தேன். அக்கா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, அடிக்கிறதுக்கு ஒண்டுமே வைக்கேல்லையே.”

“ஓம் அக்கா. எனக்கு இதுதான் விருப்பம்.”

காரணத்தை நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் விமானச் சத்தம் கேட்டால் தம்பிமார் இருவரையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவது வீட்டில் என் பொறுப்பு. சின்னவன் எப்போதும் எதிர்ப்பக்கம் ஓடுவான். அவனைத் துரத்திப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும். நின்ற இடத்தில் நின்று ஒரு சொல்லால் ஆட்களை மூடிவிடலாம் என்று அக்கா வாசித்தபோதே என் மனம் அங்கே போய்விட்டது. மற்றக் கணக்கெல்லாம் சும்மா போட்டுப் பார்த்ததுதான்.

விளையாட்டில் அந்த மந்திரவாதியால் பெரிய பயன் இருக்கவில்லை. அண்ணன் வாளை உருவும்போதெல்லாம் நான் எல்லோரையும் மறைத்துவிடுவேன். “சண்டையே போட விடமாட்டேங்கிறாங்களே,” என்று அவர் அக்காவிடம் முறைப்பாடு வைப்பார். அக்கா சிரித்துக்கொண்டு கதையை வேறு பக்கம் திருப்புவார்.

ஒரு ஞாயிறு, கதையில் நாங்கள் ஒரு கோட்டை வாசலில் மாட்டிக்கொண்டோம். சுற்றிலும் காவலர். நான் போர்வையை விரித்தேன். அக்கா புத்தகத்தைப் புரட்டினார்.

“கதையிலை இப்ப உச்சி வெயில். நிழல் சுருங்கிப் போகும். ஒராளைத்தான் மூடலாம்.”

“அப்ப அண்ணையை மூடுறன்,” என்றேன்.

“உன்னைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்.”

“போகட்டும்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “எனக்காக யாரும் அப்புடிச் செய்யக் கூடாது தங்கச்சி. வெளையாட்டுலகூட வேணாம்,” என்றார். அந்தக் கிழமை முழுவதும் அவர் முகம் சரியாக இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன் வந்து வாங்கைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். சிறையிலிருந்து என்னை மீட்க அவருக்கு மூன்று ஞாயிறு எடுத்தது. இருபது முகக் கட்டையை உருட்டுமுன் அதைக் கைக்குள் பொத்தி ஊதுவார். ஊதினாலும் கட்டை அவருக்குப் பெரும்பாலும் கைகொடுக்கவில்லை.

பிறகு அக்காவின் தாய்க்கு வருத்தம் கடுமையாகி, இராணுவத்தின் பக்கமிருந்த வவுனியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அவர் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். புத்தகம், கட்டைகள், கொப்பித் தாள்களில் தானே வரைந்த கோட்டை வரைபடங்கள். சுரங்கப்பாதை, காவலர் நிற்கும் இடம், ஆயுத அறை எல்லாவற்றையும் அவற்றில் துல்லியமாகக் குறித்திருந்தார்.

அண்ணன்தான் முதலில் கேட்டார். “அக்கா, இத எடுத்துக்கிட்டா செக்பொயிண்டுக்குப் போகப் போறீங்க?”

மூவரும் அந்தத் தாள்களைப் பார்த்தோம். அதுவரை அவற்றை வேறு எவருடைய கண்ணாலும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. சோதிக்கிற சிப்பாயின் கண்ணுக்கு அவை உண்மையான முகாம் ஒன்றின் வரைபடங்கள். இங்கே விட்டுச் சென்றாலும் எங்களுக்குத்தான் தொல்லை என்றார் அக்கா.

“அந்தப் பெரிய கதவுக்குப் பின்னாலை என்ன அக்கா இருக்கு?” என்று கேட்டேன். நாங்கள் இன்னும் திறக்காத கதவு அது.

“தெரியாது பிள்ளை,” என்றார். “சனிக்கிழமைகளிலைதான் யோசிக்கிறனான். அதுக்கு இன்னும் யோசிக்கேல்லை.”

ஆஸ்பத்திரிக் குசினி அடுப்பில் அண்ணன் ஒவ்வொரு தாளாக வைத்தார். புத்தகத்தையும் கட்டைகளையும் அக்கா எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். பின்னர் ஆட்கள் மூலமாக இரண்டு கடிதம் வந்தது. தாய் தேறிவிட்டதாகவும் தான் கொழும்புக்குப் போவதாகவும் இரண்டாவதில் எழுதியிருந்தார். அதன் பிறகு தகவல் இல்லை.

நானும் அண்ணனும் ஒரு ஞாயிறு தனியே விளையாடிப் பார்த்தோம். எனக்குக் கதை சொல்ல வரவில்லை. அண்ணன் முயன்றார். “ஒரு மலை இருக்கு. காலையில மூட்டம் எறங்கும்,” என்று தொடங்கினார். மலையடியில் ஒரு லயன் வீடு வந்தது. வீட்டு வாசலில் கோழி வந்தது. ஐந்து வயதுப் பையன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லொறியில் ஏறினான். லொறி எங்கே போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கட்டையைக் கீழே வைத்தேன். ஜெனரேட்டர் போட நேரமாகும்வரை அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். நான் இடையிடையே, “பிறகு?” என்று மட்டும் கேட்டேன்.