ஞானப்பிரகாசம் மாஸ்டரும் பாதியில் அறுந்த பாட்டும்

என் கையெழுத்து சீராக இருக்காது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். சென்ற வருடம்தான் எழுதக் கற்றேன். எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. அச்சில் வந்தால் கோணல் தெரியாது என்று மாதா கோயில் மடலை நடத்தும் தம்பி சொன்னார். அச்சுக் கோக்கிறவருக்குத் தெரியுமே. அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மண்ணூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் முதியோர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பேண்டு செட்டில் இரண்டாவது டிரம்பெட் வாசிக்கும் சேகர், மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "மாஸ்டர் தவறிப் பூட்டாரு மாமே" என்றான். பென்சிலைக் கீழே வைக்கவும் மறந்து அவன் பின்னால் உட்கார்ந்து சேக்காட்டுக்குப் போனேன். மாஸ்டர் வீட்டு வாசலில் இறங்கியபோதும் பென்சில் கையில்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானப்பிரகாசம் மாஸ்டர் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு டிரம்பெட் வாசித்தார். கல்யாண ஊர்வலம், மாதா தேர், சாவு, எல்லாவற்றுக்கும் போவோம். செட்டில் ஏழு பேர். நான் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். என் தோளைப் பார்த்து மாஸ்டர்தான் பெரிய டிரம்மை மாட்டிவிட்டார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவரை வேறு எப்படியும் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்காவின் அண்ணன் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வந்தவர் ஒரு கேசட் கொடுத்தார். கப்பல் அதிகாரி ஒருவரின் இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்தது. கேசட்டின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை. போட்டால் முதலில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு ஆணின் குரல் வரும். கெஞ்சும், அதட்டும், சட்டென்று குழந்தை மாதிரி மேலே போகும். மொழி எங்களுக்குப் புரியவில்லை. மாஸ்டர் முதல் தடவை கேட்டுவிட்டு, "இன்னா கோயிந்தா, இவுரு பாடறாரா, ஜெபம் பண்றாரா?" என்று என்னைக் கேட்டார்.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக வரும் பாட்டுத்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதற்குக் கப்பல் பாட்டு என்று நாங்களே பெயர் வைத்தோம். டிரம்பெட்டுகள் மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு சுரமாக ஏறும். உச்சியில் பாடுபவர் மூச்சை இழுப்பார். இப்போது என்னவோ நடக்கப் போகிறது என்று நமக்கு மயிர்க்கூச்செறியும். அப்போது டக்கென்று நாடா தீர்ந்துவிடும். பாட்டு பாதியில் அறுந்துவிடும். மீதியைக் கேட்க மைத்துனருக்குக் கடிதம் போட்டார் மாஸ்டர். பதில் வருவதற்குள் மைத்துனர் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இருக்கிற வரைக்கும் வாசிப்போம் என்று மாஸ்டர் அதை எங்களுக்குப் பழக்கினார். கேசட்டில் அறுந்த இடத்தில் நாங்களும் அறுத்து நிறுத்தினோம். அங்கேதான் வேடிக்கை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் அந்த நிறுத்தம் பிரபலமாகிவிட்டது. மாப்பிள்ளையின் தோழர்கள் ஆடிக்கொண்டே வந்து, நாங்கள் நிறுத்தும் இடத்தில் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்பார்கள். யார் அசைந்தாலும் தோற்றவர். பூந்தமல்லியிலிருந்த இன்னொரு செட் அந்த வெட்டையும் சேர்த்தே காப்பியடித்தது. "டக்குனு நிக்குமே, அந்தப் பாட்டு" என்று கல்யாண வீடுகளில் கேட்டு வாங்குவார்கள்.

எங்களுக்கெல்லாம் பெருமை. மாஸ்டருக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கும். "அது நிக்கல. அறுந்துபோச்சு" என்பார். முடிவை அவரே போட்டுவிடலாமே என்று ஒரு நாள் சொன்னேன். போட்டுப் பார்த்திருக்கிறாராம், நாலைந்து விதமாக. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டாராம். "நான் போட்டா அது என் முடிவு. அந்த ஆளு மூச்சு இழுத்துகினு அங்கியே நிக்கிறாரு. அவுரு இன்னா பண்ணாருன்னு எனக்குத் தெரியணும்."

பத்து வருடத்துக்கு மேல் இப்படியே போனது. கேசட்டை ஒரு நாள் டேப்ரிக்கார்டர் தின்றுவிட்டது. மாஸ்டர் நாடாவை உருவி, பென்சிலால் சுற்றி, நகப்பூச்சால் ஒட்டிப் பார்த்தார். பிழைக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பாட்டு எங்கள் ஏழு பேரிடம் மட்டும்தான் இருந்தது. அதே காலத்தில் மாஸ்டருக்கு இளைப்பு முற்றியது. ஊதுவதை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். இன்னும் ஒன்றிரண்டு வருடம் இழுத்துப் பிடித்து வாசிக்கலாம், அவ்வளவுதான். மாஸ்டர் கணக்கை வேறு மாதிரி போட்டார். நெஞ்சில் காற்று இருக்கும்போதே மீதிப் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு தடவையாவது முழுக்க வாசிக்க வேண்டும்.

மவுண்ட் ரோடு பக்கம் கேசட் கடைகளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பாட்டின் பெயர் தெரியாது, பாடியவர் பெயர் தெரியாது. மாஸ்டர் வாயால் டிரம்பெட் மாதிரி பாடிக்காட்டுவார், நான் பக்கத்தில் தட்டுவேன். பல கடைகளில் சிரித்தார்கள். ஒரு கடையில் மட்டும் கவுண்டரில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், சிரிக்கவில்லை. "பெரியவரே, கண்ணாடி மேல தட்டாதீங்க, உடைஞ்சிரும். மேசையில தட்டுங்க. சார், நீங்க இன்னொரு வாட்டி பாடுங்க" என்று கண்ணை மூடிக் கேட்டார்.

அவர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அது எழுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடியது. கோயிலில் பாடிப் பழகிய குரலை வெளியே கொண்டுவந்து பாடினார்களாம். அந்த வகைப் பாட்டுக்குப் பெயரே சோல், ஆத்துமா என்று அர்த்தம். ஜெபமா பாட்டா என்று மாஸ்டர் கேட்டது தப்பில்லை. அந்தக் காலத்து மூல நாடாக்களை இப்போது தேடி எடுத்து, ஒலியைத் துலக்கி, பத்திருபது பாட்டுகளைத் தொகுத்து மறுபடியும் சி.டி.யாக வெளியிடுகிறார்கள் என்றார் அந்தப் பெண். வரவழைக்க ஒரு மாதம் ஆகும்.

ஒரு மாதம் கழித்துப் போனோம். இவையாக இருக்கலாம் என்று மூன்று பாட்டுகளைக் குறித்து வைத்திருந்தார். மாஸ்டரின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். முதல் பாட்டு இல்லை. இரண்டாவது ஆரம்பித்ததும் மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவேயில்லை. அறுந்த இடம் எப்போது வந்தது என்று அவர் பிடி இறுகியதில் எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். மாதா தேர் தெரு முனையில் திரும்பும்போது அதைப் பார்க்கிற கூட்டத்தின் முகம் அது.

கொஞ்ச நேரத்தில் பதறிப்போய், "சவுண்டு கொறையுதும்மா" என்றார்.

"இல்ல சார், அது அப்படித்தான். இந்தப் பாட்டுங்க முடியாது. பாடிட்டே போயிருவாங்க."

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். என்னவென்று எழுத? அப்பளச் சத்தம் போய்விட்டது. கண்புரை எடுத்த பிறகு கட்டு அவிழ்த்த மாதிரி இருந்தது. பாடுபவர் உதட்டை ஈரமாக்கிக்கொள்வது கேட்டது. தந்தியில் யாரோ ஒருவரின் விரல் வழுக்குவது கேட்டது. நான் பத்து வருடமாக டிரம் என்று நினைத்து அடித்த அடி டிரம்மே இல்லை, ஒரு பெரிய தந்தி வாத்தியம்! நாங்கள் நிறுத்திய மூச்சுக்குப் பிறகு அவர் வார்த்தையை விட்டுவிட்டு வெறுமனே கூப்பிடுகிறார். பெண்கள் பதில் சொல்கிறார்கள். மறுபடியும் கூப்பிடுகிறார். அப்படியே எல்லோரும் தூரமாகிப் போகிறார்கள்.

சி.டி.யை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினோம். பாடி நிறுத்தம் தாண்டிய பிறகு மாஸ்டர் சொன்னார்: "அவுங்க நிக்கவே இல்ல கோயிந்தா. நாமதான் நின்னுட்டோம்."

மாஸ்டரிடம் சி.டி. போடும் கருவி கிடையாது. சேகர் வீட்டில் இருந்தது. ஞாயிறு மதியங்களில் ஏழு பேரும் அங்கே தரையில் உட்கார்ந்து இருபது பாட்டையும் கேட்டோம். பழைய கேசட்டில் இருந்த பாட்டுகளில் ஆறு அதில் இருந்தன. தெரிந்த பாட்டே புதிதாக இருந்தது. உறையோடு ஒரு சிறு புத்தகம். வாசித்த ஒவ்வொருவரின் பெயரும் அதில் போட்டிருந்தது, கை தட்டியவர் பெயர்கூட. மாஸ்டர் அதை வெகு நேரம் பார்த்தார். அடுத்த ஞாயிறு எங்கள் ஏழு பேர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, என் டிரம்மின் உட்புறம் ஒட்டினார். எது என் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. வகுப்பில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். முதல் பெயர் என்னுடையது. அவர் பெயர் கடைசியில் இருந்தது.

தூரமாகிப் போவதை எப்படி வாசிப்பது? மெதுவாக ஊதிப் பார்த்தோம். களைத்துப்போனவர்கள் வாசிப்பதுபோல இருந்தது. அந்த வருடம் மண்ணூர்பேட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை மண்டபத்தில் கொண்டுவிட்டோம். வழக்கமாக வாசலில் நிறுத்திவிடுவோம். பிள்ளைகள் அசையாமல் நிற்கத் தயாரானார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை. அறுந்த இடத்தைத் தாண்டி ஏறினார், திரும்பினார், எஸ்டேட் சாலையில் வாசித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம். பெண்ணின் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "இன்னா மாஸ்டர், மண்டபம் இங்க கீது, நீங்க எங்க போய்கினு கீறீங்க? பிரியாணி இன்னும் போடலன்னு கோவமா?" என்றார். மாஸ்டர் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். ரைஸ் மில் வரை போய்த்தான் நின்றோம். நின்றதும் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இளைப்பு அடங்க வெகு நேரம் ஆனது. நிமிர்ந்தபோது சிரித்தார். "முழுசா வாசிச்சிட்டோம்டா."

அன்று சாப்பாடு சரியில்லை என்று பேண்டு செட் கோபித்துக்கொண்டு போனதாக ஊரில் ஒரு பேச்சு ரொம்ப நாள் இருந்தது. இரண்டு வருடம் அப்படியே வாசித்தோம். பிறகு அவரால் முடியவில்லை. டிரம்பெட்டை சேகரிடம் கொடுத்துவிட்டார்.

அடக்கத்தன்று மேரி அக்கா என்னைக் கூப்பிட்டு, "அழுவுற பாட்டு வேணாம் கோயிந்தா, கப்பல் பாட்டு வாசிக்கச் சொல்லு" என்றார். எனக்கு முட்டி வீங்கியிருந்ததால் டிரம்மை வேறொருவர் தூக்கினார். சாமியார் ஜெபம் முடித்து, எல்லோரும் மண் போட்ட பிறகு, குழியருகே தொடங்கினார்கள். மூச்சு இழுக்கும் இடம் வந்தது. தாண்டினார்கள். திரும்பி, கல்லறைத் தோட்டத்து வாசலைக் கடந்து சாலையில் நடந்தார்கள். நான் அக்காவோடு குழியருகே நின்றேன்.

இத்தனை வருடமும் நான் நடந்து போனவர்களில் ஒருவன். எங்களுக்குப் பாட்டு குறைந்ததே இல்லை. கடைசி அடி வரை வயிற்றில் அதே அதிர்வு. நின்று கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முதலில் சின்ன டிரம் போனது. பிறகு கிளாரினெட். பிறகு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், டிரம்பெட். பெரிய டிரம் மட்டும் தரை வழியாக வருவதுபோல வந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார் அக்கா.

"கேக்குது."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். அக்கா மறுபடியும் கேட்டார். அது டிரம்மா, என் நெஞ்சா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கேக்குதுக்கா" என்றேன்.

இவ்வளவு எழுத ஒன்பது மாலை ஆயிற்று. விரல் மரத்துவிட்டது. அடுத்த வாரம் சேக்காட்டுக்குப் போய் இதை அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். எதை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்வார், அதையும் எழுதுகிறேன். மாஸ்டர், உங்களுக்கு என் வணக்கம். நீங்கள் நடங்கள்.

— கோவிந்தன், பெரிய டிரம்